அடியில் புது சைக்கிள் ட்யூப்

புளித்த பீரை உறிஞ்சிப் பார்த்து மதிப்பெண் போட ஒரு கூட்டம். அந்த மதிப்பெண்ணைப் படித்துச் சொக்கிப்போக இன்னொரு கூட்டம். இரண்டையும் ஒரே சாக்கில் கட்டி ஆற்றில் விட்டால் உலகத்துக்கு என்ன குறைந்துவிடும்? பீர் ஆலையின் நிலவறைப் படிகளில் இறங்கும்போது அண்ணியின் மனத்தில் ஓடிய கேள்வி இதுதான்.

ஆலையில் எல்லோரும் அவளை 'மேடம்' என்றார்கள். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் மட்டும் 'அண்ணி' என்றான். அவன் அவளுடைய கொழுந்தன். உணவுக் கலப்படப் பிரிவில் பதினெட்டு வருஷம் ஆய்வாளராக இருந்தவள் அவள். மேலதிகாரியின் மச்சான் விற்ற மிளகாய்த்தூளில் பாதி செங்கல் தூள் என்று எழுதி வைத்தாள். மறுமாதம் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினாள். கொழுந்தன் மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து, டாக்டர்களை நக்கலடித்தே வேலையைத் தொலைத்தவன். இந்த இரண்டு வாய்களும் வீட்டில் சும்மா கிடந்தால் தன் நிம்மதி போய்விடும் என்று பயந்து, இருவரையும் ஒரே தொழிலில் சேர்த்துவிட்டவர் அண்ணியின் கணவர்.

"பார்த்து இறங்குங்க அண்ணி, படி வழுக்குது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காம இங்க விழுந்த முதல் ஆள்னு பேர் வாங்கிடாதீங்க."

"நீங்க வாயை மூடிக்கிட்டு வந்தீங்கன்னா நான் விழ மாட்டேன் தம்பி."

ஆலையின் முதலாளியம்மா கீழே நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயது. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தாள். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். இரண்டு பக்கமும் மரப்பீப்பாய்கள் படுத்திருக்க, நடுவில் அவள் நின்ற விதம், மருத்துவமனையில் படுக்கைகளுக்கு நடுவே நிற்கும் தலைமை நர்ஸைப் போல இருந்தது.

"இங்க இருக்கிறது எல்லாமே புளிக்க வச்சதா?" என்றான் கொழுந்தன்.

"அந்தப் பக்கம் இருக்கிறது காட்டமான சரக்கு. அதுல ஒரு கிளாஸ் குடிச்சா, நீங்க வெளியில குடிக்கிற பீர் மூணு கிளாஸ் குடிச்ச மாதிரி. இந்தப் பக்கம் இருக்கிறதுதான் புளிப்பு. வருஷக்கணக்கா மரத்துல தூங்கணும்."

"புளிச்சதுக்கும் கெட்டுப்போனதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"நாம கூப்பிட்ட கிருமி வந்தா புளிப்பு. கூப்பிடாத கிருமி வந்தா கெட்டுப்போச்சு."

"அப்போ கல்யாண வீடு மாதிரின்னு சொல்லுங்க."

முதலாளியம்மா சிரிக்க முயன்றாள், வரவில்லை. அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தாள். "நேத்து எங்க ஆபீஸ்ல அழுதுகிட்டே சொன்னதை, இன்னைக்கு அழாம ஒரு தடவை சொல்லுங்க."

நடந்தது இதுதான். போன சனிக்கிழமை பீர் ஆலைகளுக்கான வருடாந்தரப் போட்டி. ஏழு ஆலைகள் தங்கள் பழைய சரக்கில் ஒவ்வொரு பாட்டிலை அனுப்பியிருந்தன. எது யாருடையது என்று நடுவர்களுக்குத் தெரியாது. கோப்பைக்கு எண் மட்டும்தான். ஒன்பது வருஷம் மரத்தில் கிடந்த முதலாளியம்மாவின் சரக்குக்குக் குலுக்கலில் ஐந்தாம் எண் விழுந்தது. நடுவர்கள் மூன்று பேர். ஆனால் தீர்ப்பு சொல்வது ஒரே ஆள். அவருக்கு அந்த வட்டாரத்தில் 'நாக்கு' என்றே பெயர். நாக்கு முகம் சுளித்தால் மற்ற இருவருக்கும் வயிற்றைப் புரட்டும். நாக்கு கண்ணை மூடினால் அவர்களுக்கும் கண் சொருகும். ஐந்தாவது கோப்பைக்கு நாக்கு தந்த தீர்ப்பு மறுநாள் பத்திரிகையில் வந்தது. திங்கட்கிழமைக்குள் ஹோட்டல்கள் எல்லாம் கையை விரித்துவிட்டன. இன்று நான்கு மணிக்கு ஒரு பெரிய கம்பெனியின் ஆட்கள் வந்து ஆலையை எழுதி வாங்கப்போகிறார்கள்.

"அந்த ஆள் லஞ்சம் வாங்கியிருக்கணும் மேடம். அதை நாலு மணிக்குள்ள நிரூபிச்சுக் கொடுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அண்ணி தீர்ப்பு அட்டையின் நகலை வாங்கிக் கொழுந்தனிடம் நீட்டினாள். அவன் செய்தி வாசிப்பவன் குரலில் படித்தான்.

"ஐந்தாவது கோப்பை. மேலே, நகப்பூச்சு அழிக்கும் திரவம். நடுவில், காடி. அடியில், புது சைக்கிள் ட்யூப். காற்றுப் புகுந்து கெட்ட சரக்கு. பரிமாறத் தகாது." நிறுத்தினான். "இது பீரா, இல்ல பல்பொருள் அங்காடியா? இந்த ஆளு சைக்கிளை எப்போ நக்கிப் பார்த்தாரு?"

"வாய்க்கு வந்ததை எழுதிட்டு அதுக்கு ரசனைன்னு பேர் வச்சுக்கறது" என்றாள் அண்ணி. அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. கெட்டுப்போன எண்ணெயைப் பார்க்கும்போதும் அப்படித்தான் கோணும்.

முதலாளியம்மா நியாயமாகவே பேசினாள். "முதல் ரெண்டும் சரிதான் மேடம். சரக்குல காத்துப் பட்டா அந்த வாசம்தான் வரும். ஆனா ட்யூப் சும்மா ஸ்டைலுக்கு. என் ஆலையில ரப்பரே கிடையாது. ஒரு தடவை பட்டா வாசம் போகாதுன்னு குழாய் எல்லாமே எஃகுல போட்டிருக்கேன்."

அந்த வரிசையில் நிரப்பியது மொத்தம் இருபத்து நான்கு பாட்டில். போட்டிக்கு ஒன்று போக, மிச்சத்திலிருந்து ஒன்றை அவள் எடுத்தாள். கழுத்தில் சிவப்பு அரக்கு. அதன்மேல் பீப்பாய்ப் படம் பொறித்த முத்திரை. "தக்கை அடிச்சு, அரக்கு ஊத்தி, முத்திரை வைக்கிறது எங்க வீட்டுக்காரர் வேலை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது" என்றபடி உடைத்து ஊற்றினாள். பேருக்குக் கொஞ்சம் நுரை. நிறம் கடுங்காப்பி.

அண்ணி குடிப்பதில்லை. ஆனால் பதினெட்டு வருஷம் பழகிய மூக்கு அவளுடையது. உலர்ந்த திராட்சை, ஈர மரம், எங்கோ ஓர் ஓரத்தில் எலுமிச்சைத் தோல். காடியும் இல்லை, நகப்பூச்சும் இல்லை. கொழுந்தன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைக் கோணினான். பிறகு, கேட்காமலேயே, இன்னொரு வாய் குடித்தான்.

"முதல் வாய் திட்டுது அண்ணி. ரெண்டாவது வாய் சமாதானம் பேசுது."

மேலே அலுவலக அறையில் முதலாளியம்மாவின் கணவர் மீன்தொட்டிக்குத் தீனி தூவிக்கொண்டிருந்தார். பஞ்சு போன்ற மனிதர். பஞ்சு போன்ற குரல். தொட்டியின் ஓரத்தில் ஆணியில் ஒரு கறுப்புக் குழாய் சுருட்டித் தொங்கியது. மூவருக்கும் தண்ணீர் எடுத்து வைத்தார்.

"அந்த ஆளு காசு வாங்கினது நிச்சயம் மேடம். ஆனா நிரூபிச்சு என்ன ஆகப்போகுது? இவ உடம்பு தாங்கலை. வித்துட்டு நிம்மதியா இருக்கலாம்னுதான் நான் சொல்றேன்."

முதலாளியம்மா நன்றியோடு அவரைப் பார்த்தாள். "இவர் மட்டும் இல்லைன்னா நான் சனிக்கிழமையே உடைஞ்சு போயிருப்பேன்."

அண்ணிக்கு அந்தக் கணவரைப் பற்றி எந்த அபிப்பிராயமும் ஏற்படவில்லை. அவள் வெறுப்பு முழுவதும் அப்போது ஒரே ஒரு நாக்கின் மேல் இருந்தது.

"எனக்கு மூணு குட்டிப் பாட்டில் வேணும்" என்றாள். "ரெண்டுல இந்தச் சரக்கு. மூணாவதை நானே கலந்துக்கறேன். உங்க சமையலறையில தேயிலை இருக்கா?"

நாக்கின் வீடு ஒரு மூன்றாம் மாடிக் குடியிருப்பு. கூடத்தின் நான்கு சுவரிலும் நாக்கே தொங்கினார்: கோப்பையோடு நாக்கு, பதக்கத்தோடு நாக்கு, கண்ணை மூடி ஏதோ தெய்வ தரிசனம் கண்டதுபோல நாக்கு. நேரிலும் அதே முகம்தான். தலைக்குச் சாயம் பூசி, கழுத்தில் பட்டுத்துணி சுற்றியிருந்தார். ஹோட்டல் தொழில் பத்திரிகை ஒன்றிலிருந்து பேட்டி காண வருவதாகக் கொழுந்தன் போனில் சொல்லியிருந்தான். அவர் எந்தப் பத்திரிகை என்றுகூடக் கேட்கவில்லை.

"ரசனைங்கிறது கத்துக்கிட்டு வர்றது இல்லம்மா" என்று அவர் ஆரம்பித்தார். "பிறவியிலேயே வரணும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சும்மாவா சொன்னாங்க. இந்த ஊர்ல தொண்ணூறு சதவீதம் கழுதைங்கதான். நான் என்ன பண்ண முடியும்?"

"பாவம், ரொம்பக் கஷ்டம்தான்" என்றாள் அண்ணி.

கருநீலப் புடவை கட்டிய ஒரு பெண் தட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நாக்கின் மனைவி. அவள் முகத்தை அண்ணி பார்க்கவே இல்லை. பார்க்கவில்லை என்பதே அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க வாசகர்களுக்காக ஒரு சின்னப் பரீட்சை. மூணு சரக்கு கொண்டு வந்திருக்கோம். எதுன்னு சொல்ல மாட்டோம். நீங்க சொல்லுங்க."

நாக்கின் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. "தாராளமா" என்றவர் உள்ளே திரும்பி, "நோட்டை எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல உட்காரு" என்றார். கொழுந்தனிடம், "நான் கையால எழுதறதில்லை. சொல்லச் சொல்ல இவ எழுதிப்பா. போட்டியிலயும் அப்படித்தான்" என்று விளக்கினார்.

"அவங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றாள் அண்ணி. "நானே எழுதிக்கறேன். நீங்க உள்ள வேலையைப் பாருங்கம்மா."

அந்தப் பெண் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். கொழுந்தன் மூன்று கோப்பைகளில் ஊற்றினான். நிறம் மூன்றுக்கும் ஒன்றுதான்.

நாக்கு முதல் கோப்பையைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார். அது பார்க்க வேண்டிய காட்சிதான். "ஆறு வருஷம்" என்றார். "மலைப்பக்கத் தண்ணி. கொஞ்சம் தேன்."

இரண்டாவது கோப்பையிலும் முதல் கோப்பையின் அதே சரக்குதான். "இது வேற ஜாதி. இளசு. ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்காது. கத்துக்குட்டி செஞ்சது."

மூன்றாவதில் இருந்தது, ஆறிய கடுந்தேநீரில் எலுமிச்சை பிழிந்து, சோடா கலந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் ஆலையின் சமையலறையில் அண்ணி கையால் கலந்தது. கதவு நிலையில் நின்ற பெண்ணின் மூக்கு லேசாக விடைத்தது. "ஏங்க, அது வந்து..." என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்? சும்மா இரு" என்றார் நாக்கு. மூன்றாவது கோப்பையை முழுவதும் குடித்தார். கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். "இதைத்தான் இத்தனை நாளா தேடிக்கிட்டு இருந்தேன். பதினஞ்சு வருஷம். பீப்பாய்க்குள்ள இருட்டே இறங்கி வந்திருக்கு. இதைச் செஞ்சவன் மகான்."

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். "அந்த மகானுக்கு இதைச் செய்ய அஞ்சு நிமிஷம் ஆச்சுங்க. கெட்டில் சூடாக நேரமாயிடுச்சு."

அதன் பிறகு நடந்ததை அண்ணி ரசித்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி என்பார்களே, அவள் மூன்றுதான் கேட்டாள். அதற்குள் மனிதர் சோபாவில் சுருங்கிவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விஷக்காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போனபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். நாக்குக்குப் புளிப்பும் கசப்பும் தெரியும், மூக்கு மரக்கட்டை. வெளியில் சொன்னால் பிழைப்புப் போய்விடும்.

"அஞ்சாவது கோப்பைக்கு யார் சொல்லி அப்படி எழுதினீங்க? ஆலையை வாங்கப்போற கம்பெனியா?"

"யாரும் சொல்லலை. அந்தக் கம்பெனிக்காரன் யாருன்னே எனக்குத் தெரியாது. சத்தியமா."

"மூக்கே இல்லாத ஆளு மூணு வாசனையை எழுதியிருக்கீங்க. இதுல சத்தியம் வேறயா?" அண்ணி எழுந்தாள். "வாங்க தம்பி. ஒரு மனுஷனை இதுக்கு மேல பார்க்கிறது உடம்புக்கு ஆகாது."

மாடிப்படி இறங்கும்போது அவள் நடை லேசாக இருந்தது. லஞ்சம் நிரூபணமாகாவிட்டால் என்ன? நடுவருக்கு மூக்கு இல்லை. தீர்ப்பு குப்பை. அறிக்கை எழுத அரைமணி நேரம் போதும். மணி இரண்டரைதான் ஆகியிருந்தது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தக் கருநீலப் புடவை. கையில், கொழுந்தன் மறந்துவிட்டு வந்த குட்டிப் பாட்டில் பை.

"இதை விட்டுட்டு வந்துட்டீங்க" என்று பையை நீட்டினாள். மூச்சு வாங்கியது. "அவரைப் பத்தி என்ன வேணா எழுதிக்குங்க. ஆனா அஞ்சாவது அட்டை பொய்னு மட்டும் எழுதாதீங்க."

"அதை நீங்க எப்படிச் சொல்றீங்க?" என்றாள் அண்ணி.

"எழுதினது நான்."

இரண்டு வருஷமாக அப்படித்தானாம். நாக்கு கோப்பையைச் சுழற்றி, கண்ணை மூடி, ஒரு மிடறு குடித்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் நீட்டுவார், மேசையில் ஈரம் படக்கூடாது என்பதுபோல. காதருகே குனிந்து ஏதோ முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பில் சொல் எதுவும் இருக்காது. அவள் கோப்பையைக் கீழே வைக்கும் சாக்கில் முகர்ந்து, மிச்சத்தில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, அட்டையில் எழுதுவாள். ஊரே கொண்டாடிய அட்டைகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

கொழுந்தன் பையைத் திறந்தான். பாட்டில்களில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முதல் தடவையாக நக்கல் இல்லாத குரலில், "இதைக் கொஞ்சம் பாருங்கக்கா" என்றான்.

அவள் மூன்றையும் ஒவ்வொரு தடவைதான் முகர்ந்தாள். "இது ரெண்டும் ஒண்ணுதானே. மூணாவது தேயிலை. எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்." பிறகு முதல் பாட்டிலுக்கே திரும்பி வந்தாள், புருவம் சுருங்கியது. "இது அஞ்சாவது கோப்பையோட கூடப்பிறந்தது. அதே மரம், அதே திராட்சை. ஆனா அங்க வந்தது சீக்காளி. பாட்டிலைத் திறந்து பத்து நாள் போல காத்தாட வச்சுட்டு, திரும்ப அடைச்சிருக்காங்க."

"ட்யூப்பு?" என்றாள் அண்ணி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அடியில புது சைக்கிள் ட்யூப்னு எழுதினீங்களே. அது எதுக்கு உவமை?"

அந்தப் பெண் விளங்காதவளாகப் பார்த்தாள். "உவமை எல்லாம் எனக்கு வராதுங்க. அதுல புது ரப்பர் வாசம் அடிச்சுது. எழுதினேன்."

அண்ணி அட்டையின் அந்த வரியை மனத்துக்குள் திரும்பப் படித்தாள். பதினெட்டு வருஷம் ஆய்வாளர். செங்கல் தூளைச் செங்கல் தூள் என்று எழுதியதற்காக வேலையை விட்டவள். இன்னொருத்தி ரப்பரை ரப்பர் என்று எழுதினால் அது பீற்றல் என்று முடிவு கட்டிவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தவளை ஏறெடுத்தும் பார்க்காதது வேறு. நாக்கைப் பார்த்துக் கோணிய உதடு இப்போது தன்னைப் பார்த்தே கோணியது.

"பாட்டிலை உங்க கண் முன்னாலதான் திறந்தாங்களா?"

"நடுவருங்க முதுகுக்குப் பின்னால வச்சுத் திறந்தாங்க, நான் உட்கார்ந்த பக்கம்தான். முத்திரை உடையாம இருந்துச்சு. ஆனா அரக்கு உதிரும்போது பார்த்தேன், கழுத்தோரமா ரெண்டு சிவப்பு. அடியில பழசு, மேல புதுசு. அதை எழுத அட்டையில இடம் இல்லை."

"நன்றிம்மா" என்றாள் அண்ணி. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் இறங்கினாள். தெருவுக்கு வரும்வரை கொழுந்தன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருப்பதே ஒரு பேச்சுதான்.

"சொல்லிடுங்க தம்பி. வயித்துல வச்சுக்கிட்டா வீங்கிடும்."

"ஒண்ணுமில்லை அண்ணி. கழுதை நாம ரெண்டு பேரும்தானோன்னு யோசிச்சேன்."

மூன்றே முக்காலுக்கு ஆலை அலுவலகத்தில் நுழைந்தபோது, கணவர் கையெழுத்துப் போடவேண்டிய தாள்களை மேசையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். முதலாளியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஆளு ஒத்துக்கிட்டானா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"ஒத்துக்கிட்டார். தனக்கு மூக்கே இல்லைன்னு ஒத்துக்கிட்டார்" என்றாள் அண்ணி. கணவர் முகத்தில் மலர்ச்சி வரத் தொடங்கியது. அவள் அதை முழுசாக மலர விட்டாள். "ஆனா அட்டையை எழுதினவங்களுக்கு மூக்கு இருக்கு. நல்ல மூக்கு. உங்க முத்திரை எங்க இருக்கு சார்?"

"என் சாவிக்கொத்துல. எதுக்கு?"

"வேற யார்கிட்டயாவது?"

"யார்கிட்டயும் கொடுக்க மாட்டார்" என்றாள் முதலாளியம்மா பெருமையாக. சொல்லி முடித்ததும் அந்தப் பெருமை அவள் முகத்திலேயே நின்றுபோனது. அவள் முட்டாள் இல்லை.

அண்ணி மீன்தொட்டிக்குப் போய் ஆணியில் தொங்கிய கறுப்புக் குழாயை எடுத்தாள். "இது என்ன சார்?"

"தொட்டித் தண்ணி மாத்துற குழாய்."

"தொட்டிக்குள்ள பாசி படிஞ்சிருக்கு. குழாயில ஒரு பொட்டுப் பாசி இல்லையே. புதுசா?"

கணவர் தாள்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார். அண்ணி குழாயை முதலாளியம்மாவிடம் கொடுத்தாள். அதற்கு மேல் துப்பறிய ஒன்றும் இல்லை. அந்த அறையில் தன்னுடையதைவிட நல்ல மூக்கு அவளுடையதுதான். முதலாளியம்மா குழாயின் முனையை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரப்பர்" என்றாள் மெதுவாக. "உள்ள என் சரக்கு."

"பாட்டிலைத் திறந்து அகலமான பாத்திரத்துல ஊத்தி வச்சிருக்கார்" என்றாள் அண்ணி. "பத்து நாள்ல மேல ஏடு படர்ந்திருக்கும். ஏடு கலையாம அடியிலேருந்து உறிஞ்சித் திரும்பப் பாட்டில்ல இறக்கக் குழாய் வேணும். பழைய குழாயில மீன் நாத்தம் அடிக்கும்னு புதுசு வாங்கியிருக்கார்."

"சுத்தம் சோறு போடும்பாங்க" என்றான் கொழுந்தன். "உங்களை மாட்டித்தான் விட்டிருக்கு."

கணவர் உட்கார்ந்தார். அந்தப் பஞ்சுக் குரல் அப்போதும் பஞ்சாகவே இருந்தது. அண்ணிக்கு அதுதான் அருவருப்பாக இருந்தது. "ஒரே ஒரு பாட்டில். இவ்வளவு பெருசாகும்னு நினைக்கலை. சுமார்னு ஒரு தீர்ப்பு வந்தா போதும், இவ மனசு விட்டுப்போய் வித்துடுவான்னு நினைச்சேன். கம்பெனியில எனக்கு ஒரு மேனேஜர் நாற்காலி தர்றதாச் சொன்னாங்க." மனைவியைப் பார்த்தார். "ஒன்பது வருஷமா நீ அந்தப் பீப்பாய்க்குத்தான் வாழ்க்கைப்பட்டிருக்கே. நான் மேல உட்கார்ந்து மீனுக்குத் தீனி போட்டுக்கிட்டு இருக்கேன்."

முதலாளியம்மா அழவில்லை. "பத்து நாள்னு எப்படி முடிவு பண்ணீங்க? வாசம் மாறினது தெரிஞ்சுதா?"

"இல்லை. புத்தகத்துல போட்டிருந்துச்சு."

"மோந்து பார்க்கலையா?"

"பார்த்தேன். எனக்கு எப்பவும் போலத்தான் இருந்துச்சு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்திருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார். கால்மிதியில் கிடக்கும் எதையோ பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"கெடுக்கிறதுக்குக்கூட உங்களுக்குத் தெரியலை" என்றாள். "எழுந்திருங்க. மீனை எடுத்துக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போங்க. தொட்டியையும் எடுத்துக்குங்க. சாவிக்கொத்தை வச்சுட்டுப் போங்க. குழாய் என்கிட்ட இருக்கட்டும்."

மேசையில் அடுக்கியிருந்த தாள்களை ஒன்றாகச் சேர்த்து நான்காக மடித்தாள். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சட்டைக் கையை ஒரு மடிப்பு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு அவளே வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்த கொழுந்தன் சொன்னான்: "கோட்டுப் போட்ட மூணு பேரு கார்லேருந்து இறங்கினாங்க அண்ணி. இப்போ திரும்ப ஏறுறாங்க."

கார் கிளம்பிப் போனதும் முதலாளியம்மா உள்ளே வந்து கேட்டாள்: "ஹோட்டல்காரங்க நம்பணும் மேடம். நானும் நீங்களும் சொன்னா நம்புவாங்களா? அஞ்சாவது பாட்டில்லயும் என் பீப்பாய்லயும் என்ன வித்தியாசம்னு எழுதிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணும்."

"இருக்காங்க" என்றாள் அண்ணி.

ஐந்து மணிக்கு அவள் மறுபடி அந்த மூன்று மாடியும் ஏறினாள். இந்தத் தடவை பையை அவளே தூக்கிக்கொண்டாள். கொழுந்தன் இரண்டு படி பின்னால் வந்தான்.

"என்ன சொல்லப் போறீங்க அண்ணி? மன்னிப்பா? உங்களுக்கு அந்த வார்த்தை வருமா? நான் வேணா ஒரு தடவை சொல்லிக் காட்டவா?"

"நீங்க பேசாம வாங்க தம்பி."

மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தது நாக்கு. இரண்டரை மணி நேரத்தில் மனிதர் தேறியிருந்தார். கழுத்துத் துணியை மாற்றியிருந்தார். அவர்களைப் பார்த்ததும் முகத்தில் பயமும் நப்பாசையும் மாறி மாறி ஓடின. நப்பாசை வென்றது.

"உட்காருங்க, உட்காருங்க. நான் யோசிச்சேன். அந்த மூணாவது கோப்பையை வேற மாதிரியும் பார்க்கலாம். என் பேட்டியில அதை எப்படிப் போடலாம்னா..."

"உங்களைப் பார்க்க வரலை" என்றாள் அண்ணி. "கொஞ்சம் நகருங்க."